சொந்தமாக அமைத்த சுடோகுவை நேரலைக்கு அனுப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் புதிர் ஒன்றை ஒருவர் நேரலையில் விடுவித்த செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே ஒன்றுவிட்ட தம்பி அழைத்தான்: "அண்ணா, நானும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன், யாருக்கு அனுப்புவது?" பிறகு அலுவலக நண்பர், அவருடைய மகள், பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு நடத்திய ஆசிரியர் என்று வரிசை நீண்டது. எல்லோருக்கும் இருப்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை; பதில்கள் என் அனுபவத்துக்கு எட்டியவை.

சொற்களைப் பற்றி ஒன்று. நம் ஊரில் "சுடோகு போடுவது" என்றால் விடை கண்டுபிடிப்பது. குழப்பம் வராமலிருக்க, உருவாக்குபவரை அமைப்பவர் என்றும் விடை காண்பவரை விடுவிப்பவர் என்றும் எழுதுகிறேன். சிறு சதுரம் கட்டம். ஒன்பது கட்டங்கள் சேர்ந்த 3×3 தொகுதி பெட்டி. 81 கட்டங்களும் சேர்ந்தது பலகை.

சுடோகு பேப்பரில்தான் தினமும் வருகிறதே? அதை வீட்டில் உட்கார்ந்து அமைக்க என்ன இருக்கிறது?

பேப்பரில் வருவது மூல வடிவம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கிய அந்தப் புதிர் 1979இல் டெல் என்ற பதிப்பகத்தின் இதழில் வந்தது. ஜப்பானின் நிகோலி என்ற புதிர்ப் பதிப்பகம் 1984இல் அதை எடுத்துக்கொண்டு சுடோகு ஆக்கியது. 2004 நவம்பரில் லண்டன் 'தி டைம்ஸ்' வெளியிடத் தொடங்கிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இன்று பேப்பருக்கு வருபவற்றில் பெரும்பாலானவற்றைக் கணினியே உருவாக்கிவிடுகிறது. அங்கே மனிதருக்கு வேலை குறைவு.

நான் சொல்வது கூடுதல் விதி சேர்த்த வகைகளை. கூண்டு போட்டு அதற்குள் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையைத் தருவது கில்லர். குமிழிலிருந்து நுனி நோக்கி எண்கள் ஏறிக்கொண்டே போவது தெர்மோ. தண்டிலுள்ள எண்களின் கூட்டுத்தொகை வட்டத்தில் இருந்தால் ஆரோ. அடுத்தடுத்த இரு கட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் புள்ளி இருந்தால் வேறுபாடு ஒன்று, கறுப்புப் புள்ளி இருந்தால் ஒன்று மற்றதன் இருமடங்கு என்பது க்ரோப்கி. இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. மாதந்தோறும் யாராவது புதிதாக ஒன்று கண்டுபிடிக்கிறார்கள். இங்கே அமைப்பவரின் கைவண்ணம் தெரியும்.

ஒருவர் சுடோகு போடுவதை மற்றவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார்களா?

பார்க்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் ஆந்தனி, மார்க் குட்லிஃப் இருவரும் 2017இல் யூடியூபில் தொடங்கிய 'கிராக்கிங் தி கிரிப்டிக்' இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 2020 மே மாதம், ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது, மிட்செல் லீ அமைத்த ஒரு புதிர் அங்கே வந்தது. பலகையில் இருந்தவை இரண்டே எண்கள்: ஒரு 1, ஒரு 2. சதுரங்கத்தில் ராஜா போகும் தூரத்திலோ குதிரை போகும் தூரத்திலோ அதே எண் வரக்கூடாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் வரக்கூடாது. இவ்வளவுதான் விதி. முதலில் இது கிண்டலோ என்று சந்தேகித்த சைமன், ஏறத்தாழ 25 நிமிடங்களில் முழுப் பலகையையும் நிரப்பிவிட்டு வியந்து நின்றார். சுடோகுவே பிடிக்காதவர்களும் பார்த்த காணொளி அது.

அவர்களுடையவை பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்தவை. அவர்களைத் தவிர டிவிட்ச், யூடியூப் இரண்டிலும் நேரலையாக விடுவிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். முதல் புதிரைச் சிறிய நேரலைக்கு அனுப்புங்கள் என்பது என் கட்சி. அங்கே உங்கள் அஞ்சலைப் படிப்பதற்காவது ஆள் இருக்கும்.

எனக்கு நிரல் எழுதவெல்லாம் தெரியாது. முடியுமா?

தேவையே இல்லை. எஃப்-பசில்ஸ் என்ற இணையக் கருவியில் சுட்டியால் கோடு, கூண்டு, புள்ளி எல்லாம் வரையலாம். அதை சுடோகுபேட் என்ற கருவிக்கு மாற்றினால் மற்றவர்கள் திறந்து விடுவிக்கக்கூடிய இணைப்பு கிடைக்கும். விதவிதமான வரைதல் வேண்டுமென்றால் பென்பா இருக்கிறது. எல்லாம் இலவசம். எனக்கு முதல் பத்துப் புதிர்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டில்தான் பிறந்தன. இன்றும் கோடு எங்கே வளைய வேண்டும் என்பதைப் பென்சிலில்தான் முடிவு செய்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் விடையை நிரப்பிவிட்டு அதன் மேல் கோடுகளைப் போட்டால் போதாதா?

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். நானும் செய்தேன். புதிர் வரும், ஆனால் உள்ளே நுழைய வாசல் இருக்காது. வீடு கட்டி முடித்த பிறகு கதவுக்கு இடம் தேடுவது போல. வாசலை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றிப் பலகையைக் கட்டுங்கள்.

ஒரு வாசலை நெருங்கிப் பார்க்கலாம். ஜெர்மன் விஸ்பர் என்ற கோட்டின் விதி: கோட்டில் அடுத்தடுத்து வரும் எண்களுக்கிடையே குறைந்தது 5 வேறுபாடு இருக்க வேண்டும். அப்படியானால் 5 கோட்டில் வரவே முடியாது, அதற்குத் துணை கிடையாது. 1 முதல் 4 வரை சிறியவை, 6 முதல் 9 வரை பெரியவை. கோட்டில் சிறியதும் பெரியதும் மாறி மாறித்தான் வரும். இப்போது ஒரு பெட்டியின் நடுக் கட்டத்தைச் சுற்றி, மற்ற எட்டுக் கட்டங்கள் வழியாக ஒரு விஸ்பர் கோடு போடுங்கள். கடைசியில் முனைகளை இணைக்க வேண்டாம். நடுவில் 5 என்பது உடனே தெரிகிறது. 4க்குப் பக்கத்தில் 9 மட்டுமே வரலாம். கோட்டின் நடுவே 4 இருந்தால் இரு பக்கமும் 9 வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு 9 ஏது? ஆகவே 4 ஒரு முனையில். அதே காரணத்தால், 1ஐ மட்டுமே பக்கத்தில் ஏற்கும் 6 மறு முனையில். இப்போது 4, 9 ஒரு புறம். 1, 6 மறு புறம். நடுவே நான்கு கட்டங்களில் சிறியது, பெரியது, சிறியது, பெரியது. அந்த நான்கில் இரண்டாவது சிறிய எண்ணுக்கு இரு பக்கமும் 7, 8 இரண்டும் வந்தாக வேண்டும். 7க்குப் பக்கத்தில் 3 நிற்காது, எனவே அது 2. மீதி தானாக விழுகிறது: 4, 9, 3, 8, 2, 7, 1, 6.

ஒரு எண்கூடத் தராமல் ஒரு பெட்டி முழுவதும் நிரம்பிவிட்டது. எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பது மட்டும் தெரியாது. அந்த ஒரு சந்தேகத்தைப் பக்கத்துப் பெட்டியிலுள்ள ஏதோ ஒன்று தீர்த்து வைக்கட்டும். அங்கிருந்து அடுத்த கதவு திறக்கட்டும். நேரலையில் இது நடக்கும்போது, "4 எங்கே போகும்? ஓ!" என்ற அந்த ஒரு "ஓ"வுக்காகத்தான் பார்ப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரே விடைதான் என்று கணினி சொல்லிவிட்டது. அனுப்பிவிடலாமா?

வேண்டாம். விடை ஒன்றே ஒன்று என்பது நுழைவுச் சீட்டு மட்டுமே. எஃப்-பசில்ஸுடன் இணைந்து இயங்கும் விடைதேடும் நிரல் லட்சக்கணக்கான வழிகளை நொடியில் முயன்று பார்த்துவிட்டு "ஒன்று" என்று சொல்லும். மனிதரால் அப்படி முயல முடியாது. "இங்கே 3 வைத்துப் பார்ப்போம், முப்பது அடி தள்ளி முட்டுகிறதா, சரி, அப்படியானால் 3 இல்லை" என்று போக வைக்கும் புதிரை நேரலையில் யாரும் விரும்புவதில்லை. விடுவிப்பவர் பேசிக்கொண்டே போக வேண்டியவர். அவர் வாயில் சொல்லக்கூடிய காரணம் ஒவ்வொரு அடிக்கும் இருக்க வேண்டும்.

எளிய சோதனை ஒன்று: உங்கள் புதிரை நீங்களே வெற்றுப் பலகையிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லி செல்பேசியில் பதிவு செய்யுங்கள். "எனக்குத்தான் தெரியுமே, இங்கே 7" என்று ஓரிடத்தில் சொன்னீர்கள் என்றால், ஓட்டை அங்கேதான்.

தொடக்க எண்ணே இல்லாமல் வெறும் விஸ்பர் கோடுகளால் அமைத்தேன். எத்தனை கோடு சேர்த்தாலும் இரண்டு விடை வருகிறது. ஏன்?

கோடு சேர்த்துத் தீராத நோய் இது. உங்கள் விடையில் ஒவ்வொரு எண்ணையும் 10லிருந்து கழித்துப் பாருங்கள்: 1 இருந்த இடத்தில் 9, 2 இருந்த இடத்தில் 8. வேறுபாடுகள் மாறுவதில்லை, ஆகவே எல்லா விஸ்பர் கோடுகளும் அப்போதும் சரியாகவே இருக்கும். ஒரு விடை இருந்தால் அதன் கண்ணாடிப் பிம்பமும் விடை. மேலே காட்டிய எட்டுக் கட்டக் கோட்டையே கழித்துப் பாருங்கள்: 6, 1, 7, 2, 8, 3, 9, 4. அதே கோடு, திரும்பி நிற்கிறது.

சிறியது எது, பெரியது எது என்று அறிந்த ஏதாவது ஒன்று பலகையில் வேண்டும்: ஒரு தெர்மோ, ஓர் ஆரோ, ஒரு கூண்டு, அல்லது ஒரே ஒரு தொடக்க எண். ஆனால் அந்த எண்ணாக 5ஐத் தராதீர்கள். 10லிருந்து 5 போனால் 5தான், பிம்பம் அசையாது. வெள்ளைப் புள்ளி மட்டும் உள்ள புதிருக்கும் இதே கதை. சைமன் விடுவித்த அந்தப் புதிரிலும் 1, 2 என்ற இரண்டு எண்கள் இந்த வேலையையும் சேர்த்தே செய்தன.

குதிரை விதி மட்டும் உள்ள புதிரில் நிலைமை இன்னும் மோசம். எண்களின் அளவைப் பற்றி விதி எதுவுமே பேசுவதில்லை. தொடக்கத்தில் இரண்டு எண்கள் இல்லாமல் போனால் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிவிடலாம். குறைந்தது எட்டு வெவ்வேறு எண்கள் பலகையில் இருந்தாக வேண்டும். கூடுதல் விதியே இல்லாத சாதாரண சுடோகுவில் குறைந்தது 17 தொடக்க எண்கள் வேண்டும் என்று டப்ளினில் கேரி மெக்குவயர் குழு 2012இல் கணினியால் நிறுவியது.

பலகை முழுக்க நிரம்பிவிட்டது, ஒரு மூலையில் மட்டும் 3, 7 மாறி மாறி நிற்கிறது. என்ன செய்வது?

இரண்டு கிடைவரிசை, இரண்டு நெடுவரிசை, இரண்டே பெட்டிகள், நான்கு மூலைகளிலும் 3 அல்லது 7. இரண்டையும் இடம் மாற்றினாலும் எந்த வரிசைக்கும் வலிக்காது. இப்படிப்பட்ட செவ்வகத்தை உடைக்க நான்கில் ஒரு கட்டத்தையாவது உங்கள் கூடுதல் விதி தொட்டாக வேண்டும். ஒரு கூண்டின் ஓரத்தைச் சற்று நீட்டினாலே போதும். அந்த ஒரு மூலைக்காகவே தொடர்பில்லாத புள்ளியைத் தனியாக ஒட்டாதீர்கள். பார்ப்பவருக்கு அது ஒட்டுப்போட்ட சட்டை என்று தெரிந்துவிடும்.

என் புதிருக்கு விடையே இல்லை என்கிறது நிரல். நிரலில் தவறு இருக்குமோ?

இருக்காது. இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், ஓர் இரவு முழுக்க நானும் நிரலைத்தான் சந்தேகித்தேன். என் அம்மா வாசலில் போடும் சிக்குக் கோலத்தைப் பார்த்து, முடிவே இல்லாத ஒரு விஸ்பர் கோட்டை வளைத்து வளைத்து வரைந்திருந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. விடை பூச்சியம். கோட்டை ஓரிடத்தில் வெட்டினால் விடை வருகிறது, இணைத்தால் போய்விடுகிறது. விடியற்காலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது உறைத்தது: சிறியது, பெரியது என்று மாறி மாறி வர வேண்டிய கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் அதன் அடிகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். நான் வரைந்தது 21 அடி. அம்மாவிடம் சொன்னபோது, "புள்ளி எண்ணாமல் கோலம் போட்டால் அப்படித்தான்" என்றார்.

எவ்வளவு கடினமாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்?

கடினம் வேறு, அழகு வேறு. கிராக்கிங் தி கிரிப்டிக் வட்டாரத்திலேயே ஜி.ஏ.எஸ். (ஜெனுயின்லி அப்ரோச்சபிள் சுடோகு) என்ற சுருக்கப்பெயரில் எளிய புதிர்களை நாள்தோறும் வெளியிடும் வழக்கம் உருவானது. அவற்றுக்கு ரசிகர்கள் ஏராளம். நேரலையில் ஒரு புதிருக்கு முக்கால் மணி நேரம் என்பது வசதியான அளவு. இரண்டு மணி நேரம் பிடிக்கும் புதிரை அனுப்பினால், விடுவிப்பவர் அதை வேறொரு நாளுக்குத் தள்ளி வைப்பார். அந்த வேறொரு நாள் வராது. புதிதாக அமைப்பவர்கள் கடினம் என்று நினைத்துச் செய்வது பெரும்பாலும் வெறும் சலிப்பாக முடிகிறது: பன்னிரண்டு கூண்டுகளின் எல்லாக் கூட்டு வகைகளையும் பட்டியல் போட வைப்பது போல.

விதிகளை எப்படி எழுதுவது? ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது.

நேரலையில் விதிகளை வாய்விட்டுப் படிப்பார்கள். ஒரு விதிக்கு ஒரு சிறு வாக்கியம் போதும். அந்தந்த வகைக்கு வழக்கமாக எழுதப்படும் வாக்கியங்கள் இருக்கின்றன. மற்றவர்களின் புதிர்களைப் பார்த்து அதே வடிவத்தைப் பின்பற்றலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புதுமையைப் புதிரில் காட்டுங்கள், விதியின் நடையில் வேண்டாம்.

ஆபத்து மொழியில் இல்லை, விட்டுப்போவதில் இருக்கிறது. கூண்டுக்குள் ஒரே எண் இருமுறை வரலாமா? ஆரோவின் தண்டில் வரலாமா? தெர்மோவில் எண் ஏறிக்கொண்டே போக வேண்டுமா, சமமாகவும் இருக்கலாமா? க்ரோப்கியில் எல்லாப் புள்ளிகளும் தரப்பட்டுள்ளனவா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். "எல்லாம் தரப்பட்டுள்ளன" என்றால் புள்ளி இல்லாத இடமும் ஒரு தகவல். இல்லையென்றால் அங்கிருந்து எதுவும் கிடைக்காது. இரண்டும் வேறு வேறு புதிர்கள்.

என் இரண்டாவது புதிரில் ஒரு கூண்டு இரண்டு பெட்டிகளில் கால் வைத்திருந்தது. கூண்டுக்குள் எண் திரும்ப வரக்கூடாது என்று நான் எழுதவில்லை. யாருக்குத்தான் தெரியாது என்ற நினைப்பு. நேரலையில் அதை எடுத்தவர் நேர்மையானவர். எழுதாததை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று இருபது நிமிடங்கள் முட்டி மோதிவிட்டு, சிரித்தபடியே பலகையை மூடிவிட்டார். தவறு முழுக்க என்னுடையது. மறுநாள் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். அவர் திரும்ப எடுக்கவில்லை.

சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. வீட்டில் யாருக்கும் இதில் ஆர்வம் கிடையாது.

என் வீட்டிலும் கிடையாது. அமைப்பவர்கள் கூடும் டிஸ்கார்ட் குழுக்களில் ஒருவர் புதிரை மற்றவர் சோதித்துக் கொடுப்பது வழக்கம். முதலில் நான்கு பேருக்குச் சோதித்துக் கொடுங்கள், பிறகு கேளுங்கள். மொய் வைத்தால் மொய் திரும்ப வரும். ஜெர்மனியின் 'லாஜிக் மாஸ்டர்ஸ்' புதிர்த்தளத்தில் யார் வேண்டுமானாலும் புதிரை வெளியிடலாம், விடுவித்தவர்கள் மதிப்பிடுவார்கள். இந்தியாவில் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா அமைப்பு போட்டிகள் நடத்துகிறது. 2017இல் உலக சுடோகு போட்டி பெங்களூரில் நடந்தது. ஆகவே நம் பக்கத்தில் ஆளே இல்லை என்று சொல்வதற்கில்லை.

குறைந்தது இருவராவது விடுவித்த பிறகு அனுப்புங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதோடு, எங்கே நின்றீர்கள் என்றும் கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அங்கே ஒரு கைப்பிடி வையுங்கள்.

அஞ்சலில் என்னவெல்லாம் எழுத வேண்டும்?

புதிரின் பெயர், உங்கள் பெயர், திறக்கும் இணைப்பு, விதிகள், சோதித்தவர்களுக்கு ஆன நேரம். அனுப்பும் வழியை ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். அந்த வழியாகவே அனுப்புங்கள். விடையை இணைப்புக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், முடித்தவுடன் சரியா என்று கருவியே சொல்லிவிடும். விடுவிக்கும் வழியை அஞ்சலில் எழுதாதீர்கள். எட்டுக் கட்டக் கோட்டில் 4 முனைக்குத்தான் போகும் என்று நீங்களே எழுதிவிட்டால் அவர் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? தன்வரலாறும் வேண்டாம். ஓர் அஞ்சலில் ஒரு புதிர்.

வண்ணங்களை மட்டும் நம்பிப் புதிர் அமைத்திருந்தால் மறுபடி பாருங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் விடுவிப்பவர்களிலும் பார்வையாளர்களிலும் உண்டு.

சொந்தப் பெயரில் அனுப்பலாமா, புனைபெயரா? என் பெயரில் ழகரம் இருக்கிறது, கொன்றுவிடுவார்களே?

இரண்டும் வழக்கத்தில் உள்ளவை. பலகையின் நான்கு மூலைகளிலும் உள்ள 2×2 கட்டங்களில் இருக்கும் 16 எண்களும், நடுப் பெட்டியைச் சுற்றியுள்ள வளையத்தின் 16 எண்களும் ஒன்றே என்ற புகழ்பெற்ற உண்மைக்கு 'ஃபிஸ்டோமெஃபெல் வளையம்' என்று பெயர். ஃபிஸ்டோமெஃபெல் என்பது ஜெர்மன் அமைப்பவர் ஒருவரின் புனைபெயர். ழகரத்தைப் பொறுத்தவரை, உச்சரிப்பை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். மெனக்கெட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள். வராவிட்டால் போகட்டும், நம்மவர்களில் பாதிப்பேருக்கே வருவதில்லை.

புதிரின் பெயரும் தமிழில் இருக்கலாம். நான் ஒன்றுக்குப் 'பல்லாங்குழி' என்று வைத்து, இரு பக்கமும் ஏழு ஏழாகப் பதினான்கு குழிகள் கொண்ட விளையாட்டு என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தேன்.

அனுப்பி மூன்று மாதம் ஆகிறது, பதிலே இல்லை. நினைவூட்டலாமா?

ஒரு முறை, அதுவும் மூன்று மாதத்துக்குப் பிறகு. வந்து குவிவதில் பெரும்பகுதிக்கு யாராலும் பதில் எழுத முடியாது. மௌனத்தை மறுப்பு என்று கொள்ள வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் மேலே சொன்ன ஜெர்மன் தளத்தில் வெளியிட்டு வையுங்கள். நல்ல மதிப்பீடு பெற்ற புதிர்களை விடுவிப்பவர்கள் தாங்களாகவே அங்கிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு.

ஒரே புதிரை இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா?

அனுப்பினால் இருவருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அனுப்பி, ஒரே வாரத்தில் இருவரும் விடுவித்துவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

பணம் தருவார்களா?

பொதுவாக இல்லை.

மற்றவர் கண்டுபிடித்த விதியை நான் எடுத்தால் திருட்டு ஆகாதா?

விதி பொதுச்சொத்து. ராகம் மாதிரி; அதில் நீங்கள் உங்கள் பாட்டைப் பாடுங்கள். மிகப் புதிய விதி என்றால் முதலில் செய்தவர் பெயரை ஒரு வரியில் சொல்வது மரியாதை. ஆனால் ஒருவருடைய கோடுகளின் அமைப்பையே எடுத்து இரண்டு கட்டம் நகர்த்தித் தன் பெயரில் அனுப்புவது திருட்டுதான், சந்தேகமே வேண்டாம். நிரல் உருவாக்கிய புதிரை அனுப்புவதானால் அதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் எடுக்க மாட்டார்கள். எடுக்காததற்கான காரணம் கணினிச் சோதனை பற்றிய கேள்வியில் இருக்கிறது.

மூடுபனிப் புதிர் அமைத்தேன். என்னிடம் சரியாக இருக்கிறது, சோதித்தவருக்குப் பனியே விலகவில்லை. ஏன்?

இந்த வகையில் பலகையின் பெரும்பகுதி மறைந்திருக்கும்; சரியான எண்ணை இட்டால்தான் சுற்றியுள்ள பனி விலகும். எது சரி என்று கருவிக்குத் தெரிய வேண்டுமே? இணைப்புக்குள் விடையைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். மற்ற புதிர்களுக்கு அது வசதி, இதற்கு உயிர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணை இட்டுப் பார்த்து, பனி விலகுகிறதா என்று ஊகத்திலேயே முன்னேறிவிடலாம். நேரலையில் நேர்மையாக ஆடுபவர் அப்படிச் செய்ய மாட்டார். ஆகவே பனிக்கு வெளியே தெரிவதை மட்டும் வைத்து அடுத்த எண்ணை நிறுவ முடிகிறதா என்று ஒவ்வொரு அடியிலும் நீங்கள் பார்க்க வேண்டும். முழுப் பலகையையும் பார்த்துப் பழகிய அமைப்பவரின் கண்ணுக்கு இது கடினம். வேறொருவர் கண் கட்டாயம் தேவை.

எடுத்துவிட்டார்! இன்றிரவு என் புதிர். நான் அரட்டையில் என்ன எழுதலாம்?

தொடக்கத்தில் ஒரு நன்றி. பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தவறான கட்டத்தில் எண்ணை இடுவதைப் பார்க்கும்போது விரல் துடிக்கும், எழுதாதீர்கள். "அந்தப் பெட்டியைப் பாருங்கள்" என்பதும் குறிப்புதான். பேச அனுமதி உள்ள ஒரே சந்தர்ப்பம், விதியைப் பற்றி அவரே உங்களிடம் கேட்பது. அப்போதும் "ஆம்", "இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் இரவு ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ரசித்து வைத்த வாசல் வழியாக அவர் நுழையவே இல்லை. பக்கவாட்டில் ஏறிக் குதித்துவிட்டார். வருத்தமாக இருக்கிறது.

எனக்கும் நடந்திருக்கிறது. மூன்று வாரம் செதுக்கிய எட்டுக் கட்டக் கோட்டை விட்டுவிட்டு, ஒருவர் கீழ் மூலையிலிருந்த இரண்டு கூண்டுகளிலிருந்து தொடங்கினார். அந்தப் பெட்டியின் எட்டுக் கட்டங்கள் கூண்டுகளுக்குள், கூட்டுத்தொகை 38. ஒரு பெட்டியின் மொத்தம் 45. மிஞ்சிய கட்டத்தில் 7. அதை நான் கவனிக்கவே இல்லை. அந்த 7 மேலே ஓடி, கோடு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அவர் கோட்டைத் தொடுவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டது. என் "ஓ" வரவில்லை.

நேரலை முடிந்ததும் அந்தப் பதிவை இரண்டு முறை பார்த்து அவர் போன வழியை நோட்டில் எழுதிவைத்தேன். இப்போது எதை முடித்தாலும், அனுப்புவதற்கு முன் கூண்டுகளின் கூட்டுத்தொகையை 45இலிருந்து கழித்துப் பார்த்துவிடுகிறேன். அந்தக் கோட்டை வேறொரு பலகையில் வைத்து மறுபடி அமைத்திருக்கிறேன். கூண்டே இல்லை, ஒரே ஒரு தெர்மோ. இரண்டு பேர் சோதித்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை அனுப்பியிருக்கிறேன்.